பாதாம் பிசின் ஊறியும் கரையாத கதை

அந்தக் காலத்தில் மரத்தில் வடியும் பிசினுக்குக்கூட வாய் இருந்தது. வாய் இருந்ததால் சண்டையும் இருந்தது.

ஒரு பொட்டல் காட்டில் கருவேல மரமும் பாதாம் மரமும் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. பிசின் என்றால் சும்மா ஒரு கட்டி இல்லை. கண்ணுக்குத் தெரியாத நீள நீளமான இழைகள் அடைந்து கிடப்பதுதான் பிசின். ஒவ்வொரு இழைக்கும் உடம்பெல்லாம் கை. பாதாம் பிசினில் செம்பி என்று ஓர் இழை இருந்தாள். எதைப் பார்த்தாலும் ஏன், எதற்கு என்று கேட்டாக வேண்டும் அவளுக்கு. அக்கா வடிவுக்கு அதுவே பெரிய தலைவலி.

ஒருநாள் மழை பெய்தது. "வாங்கடி, கடலைக் காட்டுறேன்" என்று தண்ணீர் கூப்பிட்டது. கருவேலத்து இழைகளுக்கு ஒருத்தி கையை ஒருத்தி பிடிக்கிற பழக்கமே இல்லை. கூப்பிட்டதும் ஆளுக்கொரு பக்கமாகப் போய்விட்டார்கள். கட்டி இருந்த இடத்தில் ஒன்றுமே மிஞ்சவில்லை.

"கடல்னா என்னக்கா?" என்று எட்டிப் பார்த்த செம்பியை வடிவு பிடித்து இழுத்தாள். "பார்த்தியாடி அவளுக கதியை? எல்லாரும் கிடைச்ச கையைப் பிடிங்க. ஒரு கைகூடச் சும்மா இருக்கக் கூடாது!"

பிடித்தார்கள். பிசின் கல்லானது. மரத்திலிருந்து கழன்று கீழே விழுந்தது.

விழுந்த இடத்தில்தான் பாதாம் மரத்தின் ஒரே கன்று முளைத்திருந்தது. "இந்தப் பொட்டல்ல சொட்டுத் தண்ணி தங்காது. என் பிள்ளைக்குக் கொஞ்சம் பிடிச்சு வைங்கடி" என்று மரம் கெஞ்சியது. அடுத்த மழை வந்து கட்டியைத் தட்டிப் பார்த்தது. "எங்கே நுழையிறது? ஊசி போக இடமில்லையே!" என்று ஓடிவிட்டது. கன்றில் மிச்சம் ஒரே இலை.

"அக்கா, எதுக்கு இத்தனை கை? ஒண்ணு ரெண்டு போதாதா?"

"விட்டா நீயும் கருவேலத்துக்காரி மாதிரி போயிடுவ."

"போக மாட்டேன். பிடிச்சுக்கிட்டே விடுறேன்."

"அது என்னடி, பிடிச்சுக்கிட்டே விடுறது?"

செம்பிக்கும் தெரியாது. செய்து பார்த்தால்தானே தெரியும்? வானம் மறுபடி இடித்ததும் வடிவின் கையை மட்டும் இறுக்கிக்கொண்டு மற்ற கைகளை உதறினாள். அந்த இடைவெளியில் தண்ணீர் தலையை நுழைத்தது. அதைப் பார்த்து மற்றவர்களும் அங்கொரு கை, இங்கொரு கை பிடித்துக்கொண்டு மீதியை விட்டார்கள். தண்ணீர் கூட்டமாகப் புகுந்து தள்ளியது. புளியங்கொட்டை அளவு கட்டி உள்ளங்கை நிறைய உப்பியது.

"இன்னும் நகருங்கடி!" என்றது தண்ணீர்.

"இதுக்கு மேல கை நீளாது" என்று வடிவு பல்லைக் கடித்தாள். "தோளே கழன்றுடும்!"

தண்ணீர் வெளியே தள்ள, கைகள் உள்ளே இழுக்க, இரண்டும் சமமான இடத்தில் பிசின் நின்றது. கரையவும் இல்லை, கல்லாகவும் இல்லை. மழை விட்டபின் கன்று வேரை நீட்டி மெல்ல மெல்லக் குடித்தது. ஒற்றை இலைக்குப் பக்கத்தில் இன்னொன்று எட்டிப் பார்த்தது.

செம்பிக்கு ஆசை மட்டும் விடவில்லை. உள்ளே மாட்டிக்கொண்ட தண்ணீரிடம் கேட்டாள்: "கடல் எப்படி இருக்கும்?"

"உப்புக் கரிக்கும்."

"அவ்வளவுதானா?"

"என்னை விடு, போய்ப் பார்த்துட்டு வந்து சொல்றேன்."

"நீ பேசாம உட்காரு" என்றாள் வடிவு. "அவ இன்னும் கேட்டு முடிக்கலை."

அன்று முதல்தான் கருவேலம் பிசின் தண்ணீரைப் பார்த்ததும் கரைந்து காணாமல் போகிறது. பாதாம் பிசினோ இரவெல்லாம் ஊறினாலும் பிடித்த கையை விடாமல், உப்பிக்கொண்டு, ஜிகர்தண்டா கிளாசில் நடுங்கி நடுங்கி உட்கார்ந்திருக்கிறது.