மூணு கோணமும் ஒரு பொணமும்

ஏப்பங்குளத்துக்காரர்களுக்கு மூளை இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இருக்கிறது. தேய்ந்துவிடுமே என்று எடுப்பதில்லை, அவ்வளவுதான்.

அந்த ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவுக்கு நாடகம் பழக்க வந்த வாத்தியார் ஒரு ஜப்பான் கதையைச் சொன்னார். காட்டில் ஒரு வீரன் செத்துக் கிடக்கிறான். நான்தான் கொன்றேன் என்கிறான் திருடன். இல்லை, நான்தான் என்கிறாள் பெண்டாட்டி. தானே குத்திக்கொண்டான் என்கிறான் விறகுவெட்டி. "ஒரே சாவை மூணு கோணத்துல காட்டணும்பா, அதான் இதுல விசேஷம்" என்று சொன்ன வாத்தியாருக்கு மறுநாளே மஞ்சள்காமாலை. ஊருக்குப் போய்விட்டார்.

பிணமாக நடிக்கச் சடையாண்டி முந்திக்கொண்டான். "மேடையேறிப் பேர் வாங்கு, பொண்ணைத் தாரேன்" என்று வடிவின் அப்பா ஆவுடையப்பன் சொல்லியிருந்தார். வடிவு என்றால் அவனுக்கு உயிர். படுத்தே பேர் வாங்கிவிடலாம் என்று கணக்குப் போட்டான்.

மற்ற மூவரும் கோணத்தைப் பற்றிக் கூடிப் பேசினார்கள்.

"எனக்குத் தெரிஞ்சு கும்பகோணம் ஒண்ணு, அரக்கோணம் ஒண்ணு" என்றான் திருடன் வேஷக்காரன் புலமாடன். "மூணாவதுக்கு எங்க போக?"

"திருக்கோணமலை இருக்குல்லா" என்றான் பெண்டாட்டி வேஷம் கட்டும் இசக்கிமுத்து. "ஆனா கடல் தாண்டணுமே."

"ஜப்பான் கதைன்னா கடல் தாண்டித்தான் ஆகணும்" என்றான் விறகுவெட்டியான சங்கிலி.

ஆகவே புலமாடன் கும்பகோணம் வெற்றிலையை மென்றுகொண்டே கொன்றான். மீசையை எடுக்க மாட்டேன் என்ற இசக்கிமுத்து, முந்தானையால் அதை மூடிக்கொண்டு, அரக்கோணத்து ரயில் மாதிரி கூவிக்கொண்டே கொன்றான். சங்கிலி ஒரு அண்டாவில் தண்ணீர் நிரப்பி, அதைத் தாண்டி வந்து சாட்சி சொன்னான். ஜப்பானில் சூரியன் சீக்கிரம் உதிக்குமாம், அதனால் நாடகத்தை விடியற்காலையில் போட்டார்கள். ஊரே கொட்டாவி விட்டுக்கொண்டு பார்த்தது.

சடையாண்டி மட்டும் அசையவே இல்லை. மூக்கில் ஈ உட்கார்ந்தது, அப்போதும் அசையவில்லை. பெண் கிடைப்பதென்றால் சும்மாவா?

நாடகம் முடிந்ததும் எழுந்து, துண்டை உதறி, ஆவுடையப்பன் முன்னால் போய் நின்றான்.

"மாமா, எப்ப நாள் பார்க்கலாம்?"

"செத்தவனுக்கு எப்படிப்பா பொண்ணு குடுக்க?" என்றார் அவர்.

"நான் சாகலியே மாமா."

"இவங்க மூணு பேரும் எதுலயாவது ஒத்துப்போனாங்களா? யார் குத்துனா, எதுக்குக் குத்துனா, எல்லாத்துலயும் ஆளுக்கொரு பேச்சு. நீ செத்துட்டேங்கிற ஒண்ணுல மட்டும்தான் மூணு பேருக்கும் ஒரே பேச்சு. அப்ப அது பொய்யா இருக்குமா?"

"அதானே" என்றது கூட்டம்.

"உசுரோட இருக்கேன்னு சொல்ற ஒரே ஆளு நீதாம்லே" என்றான் புலமாடன் வருத்தத்தோடு. "அதுவும் சம்பந்தப்பட்ட ஆளு. உன் பேச்சு எடுபடாது."

சடையாண்டி விரல்விட்டு எண்ணிப் பார்த்தான், மூன்றுக்கு ஒன்றுதான். இந்த வயசிலேயே போய்ச் சேர்ந்துவிட்டோமே என்று விசும்பி அழுதான். "நல்ல மனுஷன்" என்று மூக்கைச் சிந்திய வடிவு, அவனுக்கே ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்துத் தேற்றினாள்.

"அப்ப கல்யாணம்?" என்று கேட்டான்.

"சாவு விழுந்த வீட்டுல ஒரு வருஷத்துக்கு நல்ல காரியம் கூடாது" என்றார் ஆவுடையப்பன் பரிவாக. "தலைத்திவசம் முடியட்டும், நானே வந்து பேசுதேன்."

சடையாண்டிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

உடனே பாடை கட்டினார்கள். தூக்குவதற்குத் திருடனும் பெண்டாட்டியும் விறகுவெட்டியும்தான் முன்வந்தார்கள். ஒரு மூலை தொங்கியது. சடையாண்டி கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்த் தோள் கொடுத்தான்.

சுடுகாட்டுக்குப் பாதி வழியில் சங்கிலிக்கு ஒரு சந்தேகம் வந்தது. "ஏலே, கனமே இல்லையே. ஆளை வெச்சோமா?"

"பாவம்" என்றான் சடையாண்டி. "கல்யாணக் கவலையில ரொம்ப இளைச்சுப் போயிருந்தான்."