மலையிறக்கத்தில் யார் முன்னால்

மேலாளர் கங்காதரன் எந்த லாரிக்குப் பின்னாலும் காரில் போகமாட்டார். அது தன் பதவிக்கு இழுக்கு என்பார்.

அவர் வேலை பார்த்த வளைகுடா நாட்டில் மலையிறங்கும் முன் பிரேக் சரியாக இருக்கிறதென்று லாரி ஓட்டுநர் கையெழுத்துப் போட வேண்டும். பிறகு ஏதாவது நடந்தால் அவருக்குத்தான் சிறை. ஓட்டுநர் முத்திருளனின் லாரியில் முப்பது டன் இரும்பு இருந்தது. பிரேக்கோ சரியாகப் பிடிக்கவில்லை.

தானும் அதே வழியில் துறைமுகத்துக்குக் காரில் கிளம்பிய மேலாளர் தாளை நீட்டினார். "பிரேக்கெல்லாம் நல்லாத்தான் இருக்கு. கையெழுத்துப் போடு. இல்லேன்னா நாளைக்கே உனக்கு ஊருக்கு டிக்கெட்."

முத்திருளன் அவருடைய பேனாவை வாங்கி, மூடியைக் கடித்தபடி வெகுநேரம் நின்றான்.

"போடுறேன் சார். நீங்க எப்பவும்போல முன்னாடி போங்க. உங்க புதுக் காருக்குப் பின்னாடியே நான் இறங்குறேன்."

மேலாளர் காரைப் பார்த்தார். வளைந்து இறங்கும் சாலையைப் பார்த்தார்.

"இன்னிக்கு நீ முன்னாடி போ. நான் பின்னாடி வர்றேன்."

"ஏன் சார், பிரேக் நல்லாத்தானே இருக்கு?"

சுற்றி நின்ற ஓட்டுநர்கள் தரையைப் பார்த்துக்கொண்டார்கள். மேலாளர் மெக்கானிக்குக்கு போன் செய்தார்.

முத்திருளன் கையெழுத்துப் போடாமலே பேனாவைத் திருப்பிக் கொடுத்தான். அதன் மூடியில் அவன் பற்கள் ஆழமாகப் பதிந்திருந்தன.