தாசில்தார் வாங்கிய காப்பி மெஷின்

காப்பிக்கொட்டையைச் சீராக அரைக்கும் மெஷினைக் கேட்டாள் மருமகள் செண்பகவல்லி. ரிட்டயர்டு தாசில்தார் கோமதிநாயகம் பிடிவாதமாக பிளேடு மெஷினை வாங்கினார். அது மாவாக அரைத்தது; மாவு ஃபில்டரை அடைத்தது; டிகாக்‌ஷன் இறங்கவில்லை. "காப்பி போடத் தெரியாதவ!" என்று தினமும் கத்தினார்.

ஒருநாள் வீட்டுக்கு வந்த பழைய ஆபீஸ் நண்பர்கள் முன்னாலும் கத்தினார். அவள் ஃபில்டரையே கொண்டுவந்து நடுக்கூடத்தில் நங்கென்று வைத்தாள்.

"மாமா மெஷின்ல அரைச்சது. வெந்நீர் ஊத்தி ஒரு மணி நேரமாச்சு. நான் சொன்னா இறங்க மாட்டேங்குது. நீங்களே உத்தரவு போடுங்க மாமா."

நண்பர் ஒருவர் திறந்து பார்த்தார். கீழே சொட்டுகூட இல்லை. "தாசில்தார் உத்தரவு இங்க செல்லாது போல!" கூடமே சிரித்தது.

கோமதிநாயகம் முனகினார்: "நாளைக்கு உனக்குப் பிடிச்சதை வாங்கிக்கோ."

"இப்பவே போறேன்." செருப்பை மாட்டினாள். "அடுப்புல பால் இருக்கு, பொங்காமப் பார்த்துக்கோங்க."