குளக்கரையில் குட்டி அணு உலை

காட்டுக் குளத்தின் கரையில் ஓர் ஆமை இருப்புக்கொள்ளாமல் தவித்தது. தண்ணீருக்குள் இறங்கும்; உடனே கரையேறும். அதன் முட்டைகள் கரை மணலுக்குள் இருந்தன. அந்த மணலின் மேல்தான் நரி வரிசையாகக் குச்சி நட்டுக்கொண்டிருந்தது.

"நரியண்ணே, எதுக்கு இந்தக் குச்சி?"

"இங்கதான் அணு உலை வரப்போகுது!"

"ஐயோ! அது மலையளவு இருக்குமே?"

"இது குட்டி உலை! லாரியில கொண்டுவந்து இறக்கிடலாம். காடு பூரா விளக்கு! குளிருல எந்த மான்குட்டியும் நடுங்க வேண்டாம்!"

ஆமைக்கும் ஆசைதான். போன மார்கழிக் குளிரில் ஒரு மான்குட்டி விறைத்துச் செத்ததை அதுவும் பார்த்திருந்தது.

"உலை சூடாகுமாமே?"

"ஆகும்! குளத்துத் தண்ணிய விட்டு ஆத்திக்கிட்டே இருக்கணும், அவ்வளவுதான்!" என்று சொல்லிவிட்டு நரி ஓடியது.

ஆமை குளத்தைத் திரும்பிப் பார்த்தது. சித்திரையில் இந்தக் குளம் வற்றி, பாளம் பாளமாக வெடித்துக் கிடக்குமே!

மாலையில் உலையைப் பற்றி முடிவெடுக்க யானையின் தலைமையில் கூட்டம் கூடியது. அந்தக் காட்டில் யானை தும்பிக்கையைத் தூக்கிச் சம்மதித்துவிட்டால் அதுதான் தீர்ப்பு. பிறகு மாற்ற முடியாது.

"கேள்வி இருந்தா கேளுங்க!" என்றது யானை.

"வேண்டாம்! வேண்டாம்!" என்று தவளைகள் எல்லாம் ஒரே நேரத்தில் கத்தத் தொடங்கின. ஏன் வேண்டாம் என்று ஒன்றுகூடச் சொல்லவில்லை. ஆமை வாயைத் திறந்து திறந்து மூடியது. அதன் மெல்லிய குரல் அதற்கே கேட்கவில்லை.

யானைக்கு எரிச்சல் வந்தது. "மழை வந்தாலும் கத்துறீங்க, வராட்டியும் கத்துறீங்க!"

"இவங்களுக்கு இதே வேலைதான் ஐயா! தும்பிக்கையைத் தூக்குங்க!" என்றது நரி.

ஆமை தலைமைத் தவளையிடம் ஓடியது. "கொஞ்சம் நிறுத்துங்க தம்பி! நான் ஒண்ணு கேக்கணும்!"

"நிறுத்துனா தோத்துட்டோம்னு அர்த்தம்க்கா!"

தும்பிக்கை மெல்ல உயர்ந்தது. ஆமை பதறிப்போய், இருக்கிற மூச்சையெல்லாம் சேர்த்துக் கத்தியது.

"பாம்பு! பாம்பு!"

அத்தனை தவளைகளும் பொத்துப் பொத்தென்று குளத்தில் குதித்தன. கரை கப்சிப்பென்று ஆனது.

"யானையாரே! சித்திரையில குளம் வத்திடுமே, உலையை ஆத்தத் தண்ணி எங்க இருந்து வரும்? எரிஞ்சு முடிஞ்ச சக்கையை எங்க புதைப்பாங்க? என் பிள்ளைங்க கிடக்குற மண்ணுலயா?" என்று கேட்டது ஆமை.

எல்லா விலங்குகளும் நரியைப் பார்த்தன. நரி வானத்தைப் பார்த்தது.

"அது... அப்போ பாத்துக்கலாம்!"

பாதி உயர்ந்த தும்பிக்கை கீழே இறங்கியது. "இப்பவே பாத்துடுவோம். பதில் வர்ற வரைக்கும் இங்க ஒரு கல்லுகூட இறங்கக் கூடாது. குச்சியைப் பிடுங்கு!"

தலைமைத் தவளை மெல்லத் தலையை நீட்டியது. "பாம்பு எங்க, அக்கா?"

"வரல தம்பி. பாம்போ உலையோ, வந்தபிறகு கத்தி என்ன ஆகப்போகுது?"

நரி குச்சிகளைப் பிடுங்கிக்கொண்டு பதில் தேடிப் போனது. ஆமை குழிகளை மணலால் மூடிவிட்டு, நரி போன வழியையே பார்த்தபடி முட்டைகளின் மேல் உட்கார்ந்துகொண்டது.

கூடிக் கத்தினால் நம் பயம் மட்டுமே வெளியே தெரியும். தெளிவாகக் கேட்டால்தான் எதிரில் இருப்பவர் பதில் சொல்லியாக வேண்டும்.