மூன்றாம் இடம் பிடித்த கீரி

மருதங்காட்டுக் குளக்கரையில் காவல் படைப் பள்ளி ஒன்று இருந்தது. அங்கே இரண்டு வருடம் படித்தவர்கள் அதிகாரி ஆவார்கள். பிறகு ஆளுக்கு ஒரு படை. காட்டில் தொலைந்தவர்களைத் தேட மோப்பப் படை. உயரத்தில் நின்று பார்க்கப் பரண் படை. சேதி கொண்டுபோகத் தூதுப் படை. சிங்கராஜா வரும்போது வரிசையாக நின்று வணங்க அணிவகுப்புப் படை.

அந்தப் பள்ளியில் செவந்தி என்று ஒரு கீரி சேர்ந்தாள். அவள் குலத்திலேயே பள்ளிக்கூடம் போன முதல் கீரி அவள்தான்.

செவந்திக்கு ஒரே ஆசை, மோப்பப் படை. இரண்டு கோடைக்கு முன்னால் காட்டுத்தீயில் அவள் தம்பி பொட்டு தொலைந்துபோனான். புகையும் சாம்பலுமாகக் கிடந்த இடத்தில், மோப்பப் படைக்காரர்கள் அவனைத் தேடி எடுத்துத் தந்தார்கள். அன்றைக்கே அவள் முடிவு செய்துவிட்டாள்.

அவள் கிளம்பும்போது அம்மா ஒரு புத்தி சொல்லி அனுப்பினாள்.

"பாம்பு முன்னால தயங்கி நின்னா கொத்திடும், செவந்தி! தெரியாதுன்னு எங்கேயும் காட்டிக்காதே. எல்லாம் தெரிஞ்ச மாதிரி தலையை ஆட்டு!"

கீரிகளுக்கு அதுதான் வழக்கம். பாம்பிடம் அது நன்றாகவே பலித்தும் வந்தது.

பள்ளி வாசலில் பெரிய மருதமரம். அதன் பட்டையில் பள்ளியின் எழுத்தர் மரங்கொத்தியார் விதிகளைக் கொத்தி வைத்திருந்தார். எந்தப் படை யாருக்கு என்பதும் அதில் இருந்தது. செவந்தி எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

'மொத்த மதிப்பெண்ணும் களப் பயிற்சியும் படைத் தலைவரின் கருத்தும், அந்தந்தப் படைக்குரிய பாடத்தேர்ச்சிக்கு உட்பட்டு, வரிசை முறையில் பரிசீலிக்கப்படும்.'

ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. சேர்த்துப் படித்தால் ஒன்றும் புரியவில்லை.

"என்னம்மா, ஏதாவது சந்தேகமா?" என்று மரக்கிளையிலிருந்து மரங்கொத்தியார் கேட்டார்.

"இல்லைங்க ஐயா! நல்லாப் புரிஞ்சுது!" என்று செவந்தி தலையை ஆட்டினாள்.

அந்த நேரம் பார்த்து ஊசியப்பன் என்ற முள்ளம்பன்றி வந்தான். பட்டையை முறைத்துப் பார்த்தான். பிறகு காடே கேட்கும்படி கத்தினான்.

"மரங்கொத்தியாரே! இதுல 'உட்பட்டு'ன்னு போட்டிருக்கே, அப்படின்னா என்னங்க?"

கூடியிருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

"முதுகு முழுக்க எழுதுகோல், மண்டைக்குள்ள ஒண்ணும் இல்லை!" என்றது ஒரு குரங்கு.

எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தவள் செவந்திதான். தனக்கும் தெரியாது என்று யாரும் கண்டுபிடித்துவிடக் கூடாதே! அந்தச் சிரிப்புச் சத்தத்தில் மரங்கொத்தியார் சொன்ன பதில் அவள் காதில் விழவில்லை.

இரண்டாம் வருடம் வந்தது. ஒவ்வொருவரும் மூன்று பாடங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எதை எடுப்பது? செவந்திக்குத் தலை சுற்றியது.

"மதிப்பெண்தான் எல்லாம்!" என்றது மரகதன் என்ற மயில். "முதல் மதிப்பெண் வாங்கினவன் முதல்ல படையைக் கேட்பான். அப்புறம் ரெண்டாவது ஆள். எங்க மாமா அப்படித்தான் பரண் படைக்குப் போனார்."

"மதிப்பெண்ணாவது மண்ணாவது!" என்றது குரங்கு. "எங்க சித்தப்பா வகுப்பிலேயே கடைசி. இன்னிக்குத் தூதுப் படைத் தலைவர்! எல்லாம் களப் பயிற்சி பண்ற வேலை."

செவந்தி மயிலைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். குரங்கைப் பார்த்தும் தலையை ஆட்டினாள். இரண்டும் எப்படி உண்மையாக இருக்க முடியும் என்று அவளுக்கு விளங்கவில்லை. ஒருவேளை அது கூட எல்லாருக்கும் தெரிந்த விஷயமோ?

"நீ மோப்பப் பாடம் எடுக்கப்போறியா?" என்று மயில் கேட்டது. "எடுத்திடாதே! அதுல அறுபது கிடைக்கிறதே அதிசயம். மொத்தம் சரிஞ்சிடும். இறகு அடுக்குதல், வணக்கக் குரல், வரிசை நடை, இந்த மூணையும் எடு. கண்ணை மூடிக்கிட்டு எழுதினாலும் தொண்ணூறு!"

"ஆனா எனக்கு மோப்பப் படைதானே வேணும்?"

"அதுக்குத்தானே சொல்றேன்! முன்னால நின்னாத்தான் கேட்டது கிடைக்கும்."

கேட்கும்போது சரியாகத்தான் பட்டது. தனியே யோசித்தால் எங்கேயோ இடித்தது. அவள் மறுபடியும் மருதமரத்தடிக்குப் போனாள். அதே வரியைப் படித்தாள்.

"என்னம்மா, சந்தேகமா?"

"இல்லைங்க ஐயா! சும்மா இந்தப் பக்கம் வந்தேன்!"

மறுநாளும் போனாள். மறுநாளும் சும்மாதான் வந்தாள். மூன்றாம் நாள் மயில் சொன்ன மூன்று பாடங்களுக்கும் பெயர் கொடுத்துவிட்டாள்.

பிறகு அவள் படித்த படிப்பு இருக்கிறதே! கீரிக்கு இறகு அடுக்குவது சுலபமா? வாயால் கவ்வினால் தும்மல் வரும். தும்மினால் அடுக்கியதெல்லாம் பறக்கும். அவள் பொறுமையாக மறுபடி அடுக்குவாள். நிழல் நீளும்வரை நடை பழகுவாள். தொண்டை கட்டும்வரை வணக்கம் சொல்லிப் பார்ப்பாள். காற்றில் ஏதாவது வாசனை வந்தால் மட்டும் அவள் மூக்கு தானாகத் திரும்பும். "பாடத்தைக் கவனி!" என்று அதை அடக்கிக்கொள்வாள்.

முடிவு வந்தது. முப்பது பேரில் மயில் முதலிடம். செவந்தி மூன்றாமிடம்! ஊசியப்பன் இருபத்தாறு.

படை ஒதுக்கும் நாளில் அம்மாவும் பொட்டுவும் வந்திருந்தார்கள். "எங்க அக்கா மோப்பப் படை!" என்று பொட்டு பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான்.

படைத் தலைவர்கள் ஆளுக்கொரு பாறையில் அமர்ந்திருந்தார்கள். முதலில் மயில் பரண் படைப் பாறைக்குத் தோகையை விரித்தபடி போனது. போன வேகத்தில் தோகையைச் சுருட்டிக்கொண்டு திரும்பி வந்தது.

அவள் முறை வந்தது. மோப்பப் படைத் தலைவர் ஒரு கரடி. பெயர் கருமலை.

"மூன்றாமிடமா? சந்தோஷம்!" என்றார் கருமலை. "மோப்பப் பாடத்தில் எவ்வளவு?"

"அந்தப் பாடம்... எடுக்கலைங்க ஐயா."

"எடுக்கலையா?"

"மொத்த மதிப்பெண் குறைஞ்சிடும்னு... அதான், மோப்பப் படை கிடைக்கணும்னுதான் ஐயா மோப்பப் பாடம் எடுக்கலை."

கரடி தன் காதைச் சொறிந்தார். "எனக்குப் புரியலையே, மகளே. இறகை அடுக்கத் தெரிஞ்சவளை வெச்சுக்கிட்டு, சாம்பலுக்குள்ளே குட்டியை நான் எப்படித் தேடுவேன்?"

செவந்தி திரும்பிப் பார்த்தாள். புதருக்குப் பக்கத்தில் பொட்டு நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

இருபத்தாறாவதாக ஊசியப்பன் வந்தான். மோப்பப் பாடத்தில் அறுபத்தொன்று. "வா தம்பி!" என்று கரடி அவனைத் தன் பாறையில் ஏற்றிக்கொண்டார். செவந்தியை அணிவகுப்புப் படையில் சேர்த்தார்கள்.

"எல்லாம் நல்லதுக்குன்னு தலையை ஆட்டிட்டு வா," என்று அம்மா மெதுவாகச் சொன்னாள்.

செவந்தியின் தலை பழக்கத்தில் ஆடத் தொடங்கியது. பாதியில் நின்றது. அவள் திரும்பி நேராக மருதமரத்தடிக்கு நடந்தாள். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மரங்கொத்தி ஐயா!"

"என்னம்மா, சும்மா இந்தப் பக்கம் வந்தியா?"

"இல்லைங்க ஐயா. எனக்குப் புரியலை. இந்த வரி முதல் நாளிலிருந்தே எனக்குப் புரியலை."

யாராவது சிரிப்பார்கள் என்று செவந்தி காத்திருந்தாள். ஒருவரும் சிரிக்கவில்லை.

மரங்கொத்தியார் கீழ்க்கிளைக்கு இறங்கி வந்தார். "நீ கேட்க மாட்டியான்னு ரெண்டு வருஷமா உட்கார்ந்திருக்கேன்! கேளு. எந்தப் படை வேணுமோ, அந்தப் படைக்கான பாடத்தில் முதல்ல தேறணும். தேறினவங்களுக்குள்ளேதான் மொத்த மதிப்பெண்ணையும் களப் பயிற்சியையும் பார்ப்போம். வெள்ளம் வந்த வருஷத்திலிருந்து இதுதான் விதி. அதுக்கு முன்னால வேற மாதிரி இருந்துது. மாமா, சித்தப்பா கதையெல்லாம் அந்தக் காலத்துக் கதை."

"அப்போ நான் கஷ்டப்பட்டு வாங்கின மதிப்பெண் வீணா, ஐயா?"

"வீணாகாது. ஒரு வருஷம் அணிவகுப்புப் படையில் இரு. கூடவே மோப்பப் பாடத்தைப் படிச்சுத் தேறு. அப்புறம் படை மாறக் கேட்கலாம். ஒரு இடத்துக்கு ரெண்டு பேர் தேறி நின்னா, மொத்தம் அதிகமா இருக்கிறவங்களுக்குத்தான் அது. பட்டையில் கடைசி வரியைப் பாரு."

செவந்தி பார்த்தாள். இருந்தது!

அம்மா ஓடி வந்தாள். "என்ன காரியம் பண்ணே? இத்தனை பேர் முன்னால தெரியாதுன்னு சொல்லிட்டியே!"

"அவர் பாம்பு இல்லைம்மா," என்றாள் செவந்தி.

"அக்கா, அப்போ மோப்பப் படை கிடைச்சிடுச்சா?" என்று பொட்டு கேட்டான்.

"இல்லைடா. இன்னும் ஒரு வருஷம் ஆகும். அப்பவும் தேறினாத்தான்."

அதற்குள் பின்னால் ஒரு கூட்டம் சேர்ந்திருந்தது. மயில் கழுத்தை நீட்டிச் செவந்தியின் காதில் கிசுகிசுத்தது.

"ஏ செவந்தி! பரண் படைக்கும் இதே மாதிரிதானான்னு கேட்டுச் சொல்லேன்!"

"நீயே கேளு!" என்றாள் செவந்தி.

தெரியாததைத் தெரிந்ததுபோல் காட்டித் தலையாட்டுபவர், எத்தனை மதிப்பெண் வாங்கினாலும், போக நினைத்த இடத்துக்குப் போய்ச் சேர மாட்டார்.