தரைக்கும் கொஞ்சம் இடம்

நாகர்கோவிலில் ஓய்வுபெற்ற போலீஸ் இன்ஸ்பெக்டர் தாணுமாலயன், வீட்டில் இருக்கும்போதும் இடுப்பில் பெல்ட் இல்லாமல் இருக்கமாட்டார். அங்கே தரையில் வினைல் பலகை பதிக்கப் போன ஸ்டெல்லாவுக்கு அது தனியாக எடுத்த முதல் வேலை. சுவரோரம் அவள் அரை விரல் இடைவெளி விட்டதைப் பார்த்து அவர் உறுமினார்.

"நூலிழைகூட இடம் இருக்கக் கூடாது. முட்டப் பதி, இல்லன்னா கிளம்பு!"

"சூட்டுல பலகை விரியும் ஐயா."

"தரை எங்கேயாவது விரியுமா?"

மதியம் அவர் மனைவி இருவருக்கும் இலை போட்டார். மூன்றாவது கரண்டி பாயசத்தில் இன்ஸ்பெக்டர் மெல்ல பெல்ட்டைத் தளர்த்தினார்.

"தளர்த்தாதீங்க ஐயா," என்றாள் ஸ்டெல்லா. "நூலிழைகூட இடம் இருக்கக் கூடாதுல்லா?"

மனைவி சிரிப்பை அடக்கமுடியாமல் கரண்டியோடு சமையலறைக்கு ஓடினார். முறைத்த இன்ஸ்பெக்டரும் தொப்பை குலுங்கச் சிரித்துவிட்டார்.

"ஏட்டி, இந்தப் பிள்ளைக்கு இன்னும் பாயசம் ஊத்து. தரைக்கு வேணும்கிற இடத்தை அவளே விட்டுக்கிடட்டும்!"