வெட்டாம்பட்டியார் அசல் நாட்டுக்குக் குடிபோன கதை

வெட்டாம்பட்டி எங்கே இருக்கிறது என்று என்னைக் கேட்காதீர்கள். அங்கே குடியிருந்தவர்களுக்கே அது சரியாகத் தெரியாது. மேற்கே அசல் நாடு, அதாவது அடுத்த ராஜாவின் நாடு, தொடங்குகிறது என்பது மட்டும் தெரியும்.

மூன்று வருஷமாக அந்த ஊரில் மழை இல்லை. அந்தச் சமயத்தில் மேற்கு நாட்டு ராஜாவின் ஆள் வந்து தண்டோரா போட்டான். ஆடி பதினெட்டுக்குள் எல்லை தாண்டி வருகிற குடும்பத்துக்கு ஒரு காணி நிலம், ஒரு கிணறு.

கிணறு என்று கேட்டதும் ஒச்சம்மாள் அழுதேவிட்டாள். பாவம், ரெண்டு குடம் தண்ணீருக்கு அவள் தினமும் மலையடிவாரம் வரை நடந்துகொண்டிருந்தாள். அவள் புருஷன் மொக்கைச்சாமியோ அசையவில்லை. அவன் இருபது வருஷமாக ஒரே புளியமரத்தடியில் தூங்குகிறவன்.

"போனா ஊரே போகணும், இருந்தா ஊரே இருக்கணும்" என்று தலைவர் சடையாண்டி சொல்லிவிட்டார். எப்படி முடிவு செய்வது என்றுதான் யாருக்கும் தெரியவில்லை. அந்த வழியாக வந்த உப்பு வியாபாரி ஒருவர் இரக்கப்பட்டு யோசனை சொன்னார். "ரெண்டு பானை வையுங்க. போறதுக்கு ஒரு காரணம் கிடைச்சா இதுல ஒரு கல்லு. இருக்கிறதுக்கு ஒரு காரணம் கிடைச்சா அதுல ஒரு கல்லு. எதுல அதிகமோ அதைச் செய்யுங்க." சொல்லிவிட்டு நல்லவேளையாகப் போய்விட்டார்.

சாவடி முன்னால் பானை வைத்தார்கள். விவாதம் தொடங்கியது.

"சூரியன் மேற்கேதான் விழுது" என்றான் தவசி. ஊரில் அவன்தான் படித்தவன். அதாவது, படித்தவர் ஒருவரைப் பார்த்திருக்கிறான். "நாம அங்கே போனா நம்ம கூரை மேல விழும். இருக்கிற பானையில ஒண்ணு போடு."

"மார்கழிக் குளிருக்கு நல்லதுதானே?" என்றாள் ஒச்சம்மாள். போகிற பானையிலும் ஒன்று விழுந்தது.

"அங்கே நம்மள யாருக்கும் தெரியாதே" என்று மொக்கைச்சாமி கண் கலங்கினான்.

"தெரியாதவன் எப்படித் திட்டுவான்?" என்றார் தலைவர். யோசித்துப் பார்த்து, இதற்கு ரெண்டு பானையிலும் போட்டார்கள்.

அடுத்து தவசி நியாயமான ஒரு குறை சொன்னான். "தெருப் பூராவும் கல்லு, காலைக் குத்துது. போறதுக்கு இது ஒரு காரணம்." சரி என்று தெருவில் ஒரு கல்லை எடுத்து அந்தப் பானையில் போட்டார்கள். இப்படியே ஒவ்வொரு காரணத்துக்கும் ஒரு கல்லை எடுக்க, மூன்றாம் நாள் தெரு துடைத்தாற்போல் ஆகிவிட்டது.

"இப்பக் குத்தலையே" என்றான் மொக்கைச்சாமி. "அந்தக் கல்லைத் திருப்பி எடுங்க." எடுத்துத் தெருவில் போட்டார்கள். அவனே அதை மிதித்துத் தொலைத்தான். "ஐயோ, குத்துதே!" மறுபடி பானைக்குப் போயிற்று. இப்படி அந்த ஒரு கல் நான்கு நாள் போய்வந்துகொண்டிருந்தது. கடைசியில் தலைவருக்கே சலித்துப்போய், "பானைக்குள்ள போனது போனதுதான். இனிமே எவனும் எடுக்கப்படாது" என்று உத்தரவு போட்டார்.

ஆடி பதினேழு வந்தது. எண்ணிப் பார்த்தால் இதில் முப்பத்தொன்பது, அதிலும் முப்பத்தொன்பது. ஒச்சம்மாள் முன்னால் வந்து காலைத் தூக்கிக் காட்டினாள். பாளம் பாளமாக வெடித்திருந்தது. "தண்ணிக்கு நடந்து நடந்து என் காலைப் பாருங்க. இதுக்கு ஒரு கல்லு போடுங்கய்யா."

யாராலும் மறுக்க முடியவில்லை. மொக்கைச்சாமியே தலையைக் குனிந்துகொண்டான். ஆனால் போடத்தான் கல் இல்லை. ஊரையே சல்லடை போட்டுத் தேடினார்கள். கடைசியில் ஊருக்கு மேற்கே, கூப்பிடு தூரத்தில், ஒரே ஒரு கல் கிடைத்தது. அது எல்லைக்கல்.

ஆண்கள் அத்தனை பேரும் வடம் கட்டி அதை இழுத்து வந்தார்கள். தெரு நடுவுக்கு வந்ததும் மூச்சு வாங்கி அப்படியே கிடக்க விட்டுவிட்டார்கள். பானையோ ஒரு முழம்தான், கல் ஓர் ஆள் உயரம். எப்படி உள்ளே போடுவது என்று எல்லோரும் யோசிக்கையில் தவசி அலறினான்.

"தலைவரே! எல்லைக்கல்லுக்கு மேற்கே அசல் நாடு இல்ல?"

திரும்பிப் பார்த்தார்கள். தெருவின் மேற்கு வரிசை வீடுகளும், வாசலில் நின்ற பெண்களும் அந்தப் பக்கம். வடம் பிடித்த ஆண்கள் இந்தப் பக்கம்.

"ஒச்சு!" என்று மொக்கைச்சாமி கதறினான். "சொல்லாமக்கொள்ளாம போயிட்டியே!"

"நானா போகலைங்க. தானா வந்து சேர்ந்துட்டேன்" என்று அவளும் எட்டடி தூரத்திலிருந்து அழுதாள்.

"நானும் வந்துரட்டா?"

"எப்படி வருவே?" என்று தவசி குறுக்கே விழுந்தான். "பானை ரெண்டும் சமமா இருக்கு. ஊர் இன்னும் முடிவு பண்ணலையே?"

"அப்ப நீயாவது திரும்பி வந்துரு ஒச்சு."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "வந்த அன்னைக்கே திரும்பினா நாலு பேர் சிரிக்க மாட்டாங்களா? ரெண்டு வருசமாவது இருந்துட்டு வர்றேன்."

மறுநாள் ராஜாவின் ஆள் வந்தான். கல்லைப் பார்த்தான், அதற்கு மேற்கே நின்ற பெண்களை எண்ணினான், சொன்னபடியே வீட்டுக்கு ஒரு கிணறு வெட்டக் கையோடு ஆள் விட்டான். அவன் எந்த ஊர்க்காரனோ, நான் விசாரிக்கவில்லை. ஒச்சம்மாள் வாசல் கிணற்றில் பத்தாம் நாள் இளநீராய்த் தண்ணீர் ஊறியது.

முதல் செம்பை அவள் கல்லுக்கு மேலாகப் புருஷனுக்கு நீட்டினாள். மூன்று வருஷ தாகத்தோடு இருந்த மொக்கைச்சாமி ஒரே மடக்கில் குடித்தான். வாயைத் துடைத்துக்கொண்டு பெருமூச்சு விட்டான்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனாலும் நம்ம ஊருத் தண்ணி மாதிரி வராது."